ஐந்தாவது கட்டம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. தென்காசிக் கோபுரத்தடியில் காற்று எதிரும் புதிருமாக ஆளைத் தள்ளுகிற அந்த வாசலில், ஈர வேட்டியோடு நின்று உள்ளங்கையில் சூடம் ஏற்றிச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். போன வருஷம் ஐந்தருவியில் ஆறாவதாக ஒரு அருவி விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றேனே, அது பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். வழுக்கைத் தலையில் குருவி கூடு கட்டிய தாசில்தார் கதையிலும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பேன். இது அப்படியில்லை. குத்தாலிங்கத்தின் மண்டைக்குள் ஓடினது உமக்கு எப்படியய்யா தெரியும் என்று கேட்பீர்கள். இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரோடு தனியாகப் பேசிப் பழகின ஆள் அவர். மண்டையில் ஓடுவதில் பாதி உதட்டில் முணுமுணுப்பாக வந்துவிடும். மீதிப் பாதி முகத்தில் எழுதியிருக்கும். அவர் கடை மூலையில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கு இரண்டும் போதும்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, அதையும் நான் ஜோடிக்கவில்லை, ஆனி மாதம், காலை பத்தரை மணி, சாரல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் இருக்கிற அந்த டைப்பிங் கடையின் ஷட்டரைத் தூவானத்துக்குப் பயந்து பாதிதான் தூக்கியிருந்தார் குத்தாலிங்கம், ஐம்பத்திரண்டு வயது, ஊர்க்காரர்களின் கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, மனு, ஜாதகம் எல்லாவற்றையும் தட்டித்தட்டி விரல்நுனி தட்டையாகிப்போன மனிதர், எதிரே சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆவுடை, அங்கன்வாடி டீச்சர், நாற்பத்தோரு வயது, ஈரக் குடையைக் கால்களுக்கு நடுவில் குழந்தையை நிறுத்திப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கொடுத்த ஜாதக ஜெராக்ஸ் மேஜைமேல் கிடந்தது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, அதற்கும் ஜெராக்ஸ் எடுத்து, சாம்பல் பூத்துப்போய், கட்டத்துக்குள் இருக்கிற எழுத்தெல்லாம் நீரில் ஊறின சோற்றுப் பருக்கைபோல உப்பியிருந்தது. “தெளிவா ஒரு காப்பி வேணும் அண்ணாச்சி, மொதல்ல அடிச்சது நீங்கதானே, கம்ப்யூட்டர்ல இருக்கும்லா” என்று கேட்டிருந்தாள். இருந்தது. பழைய ஹார்டு டிஸ்கை வயர் போட்டு மாட்டி, இருபது வருஷத்துக்கு முந்தின அந்த ஃபைலைத் திறந்தால் ஒரே கிறுக்கல், பழைய தமிழ் எழுத்துரு இந்தக் கம்ப்யூட்டரில் இல்லாததால் ஆவுடையின் பெயர், நட்சத்திரம், தகப்பனார் பெயர் எல்லாம் மீசை வைத்த இங்கிலீஷ் எழுத்தாக, தலையில் புள்ளியும் காலில் வாலுமாகப் பல்லைக் காட்டியது. எழுத்துருவைத் தேடி எடுத்துப் போட்டதும் தண்ணீருக்கு அடியிலிருந்து முகம் மேலே வருவதுபோலத் தமிழ் எழும்பி வந்தது. நல்லசிவம் மகள் ஆவுடையம்மாள். தனுசு லக்னம். கீழே நாலுக்கு நாலு ராசிக் கட்டம். முதல் வரிசை. முதல் கட்டம் காலி. இரண்டாவது காலி. மூன்றாவதில் ‘செவ்’. நாலாவது காலி. குத்தாலிங்கம் ஜெராக்ஸைப் பார்த்தார். முதல் கட்டம் காலி. இரண்டாவது காலி. மூன்றாவது காலி. நாலாவதில் ‘செவ்’. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார். திரையில் மூன்று. காகிதத்தில் நாலு.

மூன்று. நாலு. ஒரு கட்டம்தானே, விரல் அகலம்கூட இல்லை, ஆனால் மீனம் மேஷம் ரிஷபம் மிதுனம் என்று விரல்விட்டு எண்ணினார், மறுபடியும் எண்ணினார், இத்தனை வருஷம் ஜாதகம் அடித்த ஆளுக்கு இந்தக் கணக்குத் தெரியாமலா இருக்கும், தனுசுக்கு ரிஷபம் ஆறாம் இடம், மிதுனம் ஏழாம் இடம், ஆறில் செவ்வாய் இருந்தால் ஒன்றும் இல்லை, சாதாரண ஜாதகம், யாருக்கும் கொடுக்கலாம், ஏழில் இருந்தால் தோஷம், செவ்வாய் தோஷம் உள்ள மாப்பிள்ளைக்குத்தான் கொடுக்கவேண்டும், மீறினால் தாலி நிலைக்காது என்பார்கள், ஏழு என்றால் கல்யாண வீடு, அதன் வாசற்படியில் செவ்வாயைக் கொண்டுபோய் உட்கார வைத்தது எந்தக் கிரகப் பெயர்ச்சியும் இல்லை, இந்தத் தட்டையான விரல், இதோ இந்த ஆள்காட்டி விரல். எப்படி நகர்ந்தது என்று யோசிக்கவேண்டிய தேவையே இல்லை, அவருக்குத் தெரியும், ஃபைலைப் பார்த்த அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் மனசு தெரியாததுபோல ஒரு சுற்று சுற்றிவந்து அதே இடத்தில் இடித்துக்கொண்டது. டேபிளுக்குள் டேபிள். அதுதான். போட்டோ ஒரு பக்கம், விவரம் ஒரு பக்கம், அடியில் ராசியும் நவாம்சமும் ஜோடியாக வருகிற மாதிரி அவர் போட்டுவைத்த பெரிய கட்டத்துக்குள் இந்தச் சின்னக் கட்டத்தைக் காப்பி எடுத்து ஒட்டினால், அந்தக் காலத்துச் சாஃப்ட்வேரில் ஒரு சனியன், மேல் வரிசையில் மட்டும் நாலு கட்டம் ஐந்தாகிவிடும். ஐந்தாவது கட்டம் வலதுபக்கம் தெற்றுப்பல் மாதிரித் தள்ளிக்கொண்டு நிற்கும். எத்தனை நாள் அதோடு மல்லுக்கட்டியிருப்பார், கட்டத்தை இழுத்தால் பக்கம் முழுக்கச் சாயும், பக்கத்தை நிமிர்த்தினால் கட்டம் அடுத்த தாளுக்கு ஓடும், ஒரு தடவை ஒரு ஜாதகம் நாற்பத்தேழு தாளுக்கு ஓடி, கடைசித் தாளில் கேது மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. பிறகுதான் ஒரு வழி கண்டுபிடித்தார். தள்ளிக்கொண்டு நிற்கிற அந்த ஐந்தாவது கட்டத்தில் எழுத்து இருந்தால் விட்டுவிட்டு முன்னால் இருக்கிற காலிக் கட்டத்தை அழிப்பார். எழுத்து இல்லையென்றால் தள்ளி நிற்கிறதையே அழிப்பார். காலியாக இருப்பது உபரி. அது அவர் சட்டம். அதில் என்ன தப்பு இருக்கமுடியும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லையே, கூடுதலாக வந்தது முதலாவது கட்டம், அதை அழிக்காமல் கடைசியை அழித்தால் நடுவில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு வீடு தள்ளிக் குடிபோய்விடுவார்கள் என்று ஏன் தோன்றவில்லை. மிதுனத்தில் ஏதாவது ஒரு கிரகம் உட்கார்ந்திருந்தவர்கள் தப்பினார்கள். மிதுனம் காலியாக இருந்தவர்கள்.

“என்ன அண்ணாச்சி, ஃபைல் கிடைக்கலியா?” என்றாள் ஆவுடை. “கிடைச்சிட்டும்மா. எழுத்து சரியா விழ மாட்டேங்குது, இரு.” எழுத்தெல்லாம் சரியாகத்தான் விழுந்திருந்தது. திரையை அவள் பக்கம் தெரியாதபடி அரை விரற்கடை திருப்பினார், திருப்பினதை அவள் பார்த்துவிட்டாளோ என்று இருமினார், இருமினதும் நல்லசிவம் நினைவு வந்தது, அவரும் இப்படித்தான் எதையாவது கேட்குமுன் இருமுவார். தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற வேலை. சுவர் முழுக்கப் புறாக்கூடு மாதிரிக் கட்டம் கட்டமாக அலமாரி இருக்கும், இலஞ்சி ஒரு கட்டம், மேலகரம் ஒரு கட்டம், ஆய்க்குடி ஒரு கட்டம், முப்பத்தோரு வருஷத்தில் ஒரு கடிதாசியைக்கூடக் கட்டம் மாற்றிப் போட்டதில்லை என்று இதே நாற்காலியில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். அவர்தான் மகளுடைய நோட்டு ஜாதகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார், மூலையில் மஞ்சள் தடவின நோட்டு, கட்டமெல்லாம் கையால் ஸ்கேல் வைத்துப் போட்டது. அடித்த தாளை வாங்கிப் பெயரைச் சரிபார்த்தார், நட்சத்திரத்தைச் சரிபார்த்தார், தன் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தார். கட்டத்தைப் பார்க்கவில்லை. “மெஷின்லா போட்டது, அது தப்பாது” என்றார். மெஷின்லா போட்டது. நோட்டைச் சுரண்டை ஜோசியரிடம் காட்டக் கொண்டுபோனவர் அங்கேயே விட்டுவிட்டு வந்தார், ஜோசியர் கொடுத்தேன் என்றார், இவர் வாங்கவில்லை என்றார், அப்புறம் இந்தத் தாள்தான் ஆவுடை, ஆவுடைதான் இந்தத் தாள். அந்த ஜோசியர்தான் முதலில் சொன்னது, ஏழில் செவ்வாய் நிற்கிறதே, உமக்கு யாரும் சொல்லவில்லையா என்று. முதலில் எழுதினவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே என்று நல்லசிவம் திகைத்ததை, இந்தக் கடை வாசலில் நின்று திகைத்ததை, குத்தாலிங்கம் காதால் கேட்டார், கேட்டுவிட்டு, பழைய ஆட்கள் எல்லாம் அரைக்கண்ணால் பார்த்து எழுதினவங்கதானே என்றும் சொன்னார். அதைச் சொன்ன வாய் இது.

அப்புறம் ஒன்பது செவ்வாய்க்கிழமை துவரம்பருப்பு வைத்து விளக்கு, வைத்தீஸ்வரன்கோவிலுக்கு மூன்று தரம் ரயில், வந்து பார்த்தவர்களெல்லாம் ஜாதகத்தைக் கேட்டு வாங்கிப்போய், நாலு நாள் கழித்து, பொண்ணு குணத்துக்கு ஒண்ணும் இல்லை, கட்டம்தான் ஒத்துவரலை என்று திருப்பி அனுப்பியது, கட்டம் ஒத்துவரலை, கட்டம் ஒத்துவரலை, அந்த வார்த்தையை இந்தத் தெருவில் எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், கேட்கும்போதெல்லாம் உச்சுக்கொட்டியிருக்கிறார். வாழை மரத்துக்குக் கல்யாணம் பண்ணி வைத்தார்களே, அதற்கும் போயிருந்தார். தோப்பில், விடிகாலையில், மரத்துக்கு வேட்டி கட்டி, மாலை போட்டு, மரத்தின் சார்பில் ஐயர் எடுத்துக்கொடுத்த மஞ்சள்கயிற்றை ஆவுடை கழுத்தில் போட்டுக் கழற்றி, தோஷம் மரத்தோடு போகட்டும் என்று மரத்தை வெட்டச் சொன்னார்கள். நல்லசிவம்தான் அரிவாளை வாங்கினார். முதல் வெட்டுக்குச் சாயவில்லை, இரண்டாவதுக்கும் சாயவில்லை, மூன்றாவதில் சாய்ந்தது, பட்டைக்குள்ளிருந்து தண்ணீர் பொசுபொசுவென்று வந்தது. ஆவுடை சிரித்தாள். “என் மாப்பிள்ளைக்குக் கழுத்து கெட்டி” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், குத்தாலிங்கமும் சிரித்தார், சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள், வாழை இலையில், அதே மரத்து இலையோ என்னமோ, வாங்கிச் சாப்பிட்டார், முந்திரி நிறையப் போட்டிருந்தது, இப்போது அந்த நெய் தொண்டைக்கு ஏறி வந்து நாக்கில் கசந்தது. இல்லாத தோஷத்துக்கு வெட்டின மரம். மூன்று வெட்டு. நல்லசிவம் போய் நாலு வருஷமாகிறது. அவரிடம் சொல்லிவிடுவது என்ற வழி அடைபட்டுப்போனதில் ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதி வந்ததற்காகத் தன்னையே ஒரு அறை அறையவேண்டும்போல இருந்தது.

“இந்தத் தடவை யாரும்மா?” என்று கேட்டார், கேட்டது எதையாவது கேட்கவேண்டுமே என்றுதான். “கடையநல்லூர் அண்ணாச்சி. மந்திரமூர்த்தின்னு பேரு. மர அறுவை மில்லுல மேஸ்திரி. நாப்பத்தாறு.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். “மொத மாப்பிள்ளையை வெட்டினதுக்கு இவரு ஒண்ணும் கேஸ் போட மாட்டாருன்னு நெனைக்கேன். அவருக்கும் செவ்வாய்தான், அதனாலேயே இத்தனை வருஷம் தட்டிப்போச்சாம். ரெண்டு பேருக்கும் இருக்குறதாலதான் பொருந்தியிருக்கு. அவங்க ஜோசியருக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்தப் பேப்பர் மங்கிப்போச்சுல்லா, செவ்வாய் ஏழுலதான் நிக்கிதான்னு தெளிவாத் தெரியணுமாம். ஏழுலன்னா ஆவணியில முடிச்சிடலாங்காரு. இல்லேன்னா நம்ம பையனுக்கு ஆகாது, விட்டுருங்கங்காரு.” இல்லையென்றால் ஆகாது. குத்தாலிங்கத்துக்கு நாற்காலி கொஞ்சம் இறங்கினதுபோல இருந்தது, ஒரு வேளை உண்மையாகவே இறங்கியிருக்கும், அந்த நாற்காலியின் லிவர் சரியில்லை. இத்தனை நேரம் அவர் சுற்றிச்சுற்றி வந்தது ஒரே வாக்கியத்தைத்தான், தாயி, உனக்குத் தோஷமே கிடையாது, என்னாலதான் எல்லாம் என்று சொல்லிக் காலில் விழுகிற வாக்கியம், மனசுக்குள் அதைத் திரும்பத்திரும்ப அடித்து, எடுத்து, வெட்டி, ஒட்டி, கடைசியில் ஒருவழியாகச் சரியாக நிமிர்த்தி நிறுத்தினபோது, அதற்குள்ளும் ஒரு ஐந்தாவது கட்டம் தள்ளிக்கொண்டு வந்து நிற்கிறது. உண்மையைச் சொன்னால் அவள் சுத்த ஜாதகக்காரி. சுத்த ஜாதகக்காரிக்குக் கடையநல்லூர் மாப்பிள்ளை ஆகாது. இருபது வருஷம் கழித்து வந்த ஒன்றையும் இதே விரல் தட்டிவிட்டதாகும்.

“நீ பேசினியாம்மா அவர்கிட்ட?” “மூணு தடவை, போன்ல.” குடைக் கம்பியை நகத்தால் சுரண்டினாள். “எல்லாரும் சாப்பிட்டாச்சான்னு கேப்பாங்கல்லா அண்ணாச்சி. ஆச்சுன்னு சொன்னா முடிஞ்சிது. இவரு, என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்காரு. நான் கத்தரிக்காப் புளிக்குழம்புன்னேன். எண்ணெய்க் கத்தரிக்காயா, அரைச்சு விட்டதான்னு கேக்காரு.” அவ்வளவுதான் சொன்னாள், ஆனால் அந்த ‘அரைச்சு விட்டதா’ என்பதைச் சொன்னபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்து, குத்தாலிங்கம் கீபோர்டில் இருக்கிற தூசியை ஊத ஆரம்பித்தார். “இதுவும் தட்டிப்போச்சுன்னு வைங்க, இனிமே யாருக்கும் ஜாதகம் கொடுக்க மாட்டேன். கிழிச்சு அடுப்புல போட்டுட்டு, பிள்ளைகளுக்கு முட்டை அவிச்சுக் கொடுத்துக்கிட்டு இருந்துருவேன். ஒண்ணும் குறைஞ்சிடாது” என்றாள். ஒன்றும் குறையாது என்கிறவள் ஏன் அந்தச் சாம்பல் பூத்த தாளைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, கவரை இன்னொரு கவருக்குள் போட்டு, சாரல் படாமல் மாரோடு அணைத்துக் கொண்டுவந்தாள். “ஒண்ணு சொல்லணும் தாயி” என்றார். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. “என்ன அண்ணாச்சி, கரண்ட் போயிடுமா?” “இல்ல.” அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பேப்பருக்குப் பின்னாலும் ஒரு பக்கம் புரளாமல் நின்றது. “தூவானம் அடிக்கி. நாற்காலியைக் கொஞ்சம் உள்ள தள்ளிப் போட்டுக்கோ.” அவள் தள்ளிப் போட்டுக்கொண்டாள். ஒரு கட்ட அளவு. தரையில் மொசைக் கட்டம் போட்டிருக்கும் அந்தக் கடையில், அதை நான் பார்த்தேன், சரியாக ஒரு கட்டம்.

அதற்கப்புறம்தான் இன்னொரு பயம் வந்தது, அது முதல் பயத்துக்கு அண்ணன். “அவர் ஜாதகம் எங்கம்மா அடிச்சது?” “இங்கதான் அண்ணாச்சி. அடியில உங்க கடைப் பேரு போட்டிருக்கே. அவங்க மாமா வீடு இங்கதான, மேல மாசி வீதில.” கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இருந்தது, அவர் கடைப் பெயர், பூச்செண்டு பார்டரோடு, அவரே வரைந்த பார்டர். கும்ப லக்னம். முதல் வரிசை. காலி, காலி, ‘செவ்’, காலி. கும்பத்துக்கு ரிஷபம் நாலாம் இடம், நாலில் செவ்வாய், தோஷம். நாலாவது கட்டம் காலி. மிதுனம் காலி. அப்படியென்றால் மந்திரமூர்த்தியின் செவ்வாயும் இரண்டாவது கட்டத்தில் இருந்து, கும்பத்துக்கு மூன்றாம் இடத்தில் ஒரு வம்பும் இல்லாமல் இருந்து, அங்கிருந்து இந்த விரல் நகர்த்தி விட்டதாக இருக்கலாம். அல்லது பெரிய கட்டத்துக்குள் ஒட்டாமல் நேராக அடித்த தாளாக இருந்தால், பிறக்கும்போதே அங்கேதான் நின்றிருக்கலாம். தேடினார். மந்திர என்று தேடினார், மூர்த்தி என்று தேடினார், கடையநல்லூர் என்று தேடினார், ஹார்டு டிஸ்க் உள்ளே கிர்ர் கிர்ர் என்று கொட்டைப்பாக்கு வெட்டுவதுபோலச் சத்தம் போட்டது. இல்லை. இடி விழுந்து மானிட்டர் கருகின வருஷத்தில் போன கம்ப்யூட்டரோடு போயிருக்கும். இனி அது யாருக்கும் தெரியப்போவதில்லை, நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதன் மரத்தூள் படிந்த போனில் புளிக்குழம்பைப் பற்றி விசாரிப்பது வானத்தில் இருக்கிற செவ்வாயினாலா, தென்காசிப் பின்சந்தில் இருக்கிற குத்தாலிங்கத்தினாலா என்று. இந்த இரண்டு பேர் மட்டுமா. வீடு கட்டி வைத்தும் பெண் கிடைக்காத வாத்தியார், பொருத்தம் பத்துக்கு ஒன்பது என்று கட்டிவைத்து ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிட்ட ஜவுளிக்கடைக்காரர் மகள், ராகுவும் கேதுவும் நேருக்கு நேர் நிற்கவில்லையே என்று திருப்பிக் கொண்டுவந்த மூன்று பேர், அப்போதாவது உறைத்திருக்கவேண்டாமா, கை தவறிவிட்டது என்று அந்த ஒன்றை மட்டும் திருத்திக் கொடுத்தாரே. அந்த ஃபோல்டரில் முந்நூற்று நாற்பது ஜாதகம் இருந்தது. மிதுனம் காலியாக இருப்பவர்கள் எத்தனை பேர். தெருவில் குடை பிடித்துப் போகிறவர்களெல்லாம் ஒரு கட்டம் தள்ளிப் போவதுபோலத் தெரிந்தது, எதிர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் அந்த பெஞ்சுக்குரிய ஆள் இல்லை, பக்கத்துப் பெஞ்சுக்காரன், பஸ்ஸில் ஏறுகிறவள் வேறு ஊருக்குப் போகவேண்டியவள், யாரோ பின்னாலிருந்து ஒரு காலிக் கட்டத்தைச் செருகிவிட, மொத்த ஊரும் நகர்ந்து, கடைசியில் தள்ளிக்கொண்டு நின்றவனை உபரி என்று அழித்துவிட்டார்கள். அவனை எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

“நேரமாகுது அண்ணாச்சி. பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு மணிக்குச் சோறு போடணும்.” “இந்தா, ஆச்சு.” கட்டத்தை மவுஸால் வளைத்துப் பிடித்தார், காப்பி, புதுத் தாள், பேஸ்ட். குத்தாலிங்கம் கண்ணை மூடிக்கொண்டுதான் பேஸ்ட் பண்ணினார், எனக்குத் தெரியும். அவர் மனசில் அப்போது ஓடினது, கடவுளே, இந்த ஒரு தடவையும் அந்த ஐந்தாவது கட்டம் வந்துவிடட்டும், வந்தால் வழக்கம்போல அழித்துவிடுவேன், என் கையால் ஒன்றும் ஆகவேண்டாம், அதுபாட்டுக்கு நடந்ததாக இருக்கட்டும் என்பதுதான். கண்ணைத் திறந்தார். புதுச் சாஃப்ட்வேர். நாலுக்கு நாலு, கோடு கோடாக, அளந்து வைத்த ஜன்னல் மாதிரி, ஒரு மயிரிழை பிசகாமல் நின்றது. ‘செவ்’ மூன்றாவது கட்டத்தில், ரிஷபத்தில், தான் பிறந்த வீட்டில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அழித்துவிட்டு மறுபடி ஒட்டினார். அப்படியே நின்றது. பெரிய கட்டத்துக்குள் வைத்து ஒட்டினார், ஓரத்தில் வைத்து ஒட்டினார், நில்லு நில்லு என்று இருபது வருஷம் காலைப் பிடித்துக் கெஞ்சினபோதெல்லாம் தெறித்து ஓடின கட்டம், இன்றைக்குக் கொஞ்சம் நகரு என்றால் அசையமாட்டேன் என்கிறது. அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் வேறு என்னவோ ஆனது. “என்ன அண்ணாச்சி?” “ஒண்ணுமில்ல, மெஷினுக்குப் புத்தி வந்துட்டு.” கர்ஸரைக் கொண்டுபோய் ‘செவ்’ பக்கத்தில் வைத்தார். அது சிமிட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் நடந்தது பிழை. பிழைக்கு ஒரு ஓரத்தில் மன்னிப்பு கிடக்கும், கேட்டால் கிடைத்தாலும் கிடைக்கும், நல்லசிவம்கூட அங்கே எங்கேயோ உட்கார்ந்து கடிதாசி பிரித்துக்கொண்டு, மெஷின்தானேய்யா என்று சொல்லிவிடுவார். இது பொய். தெரிந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், ஒரு பெண்பிள்ளையின் கல்யாண வீட்டு வாசலில் ஒரு கிரகத்தைத் தன் கையால் தூக்கி வைப்பது. இதற்கு யாரிடம் போய் நிற்பது. வெட்டினார். வெட்டினபோது முதல் வரிசை முழுவதும் காலியாக இருந்தது, நாலு கட்டம், ஒன்றுமே எழுதாத நாலு வெள்ளைக் கட்டம், ஒரு நொடி அவருக்கு அதை அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடலாம்போல இருந்தது, இந்தா தாயி, உனக்கு எங்கே வேணுமோ அங்கே நீயே வைத்துக்கொள் என்று. அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டினார். நாலாவது கட்டம். ஒட்டினார்.

பிரிண்டர் தாளைச் சவைத்துச் சவைத்து வெளியே தள்ளியது. சூடான தாள். ஆவுடை வாங்கினாள், சாரல் படாத பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள், பெயரைப் பார்க்கவில்லை, நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை, நேராக முதல் வரிசைக்குப் போனாள், விரலை வைத்து எண்ணினாள். அவள் உதடு அசைவது தெரிந்தது. தகப்பனார் பார்க்காமல் விட்டதை மகள் பார்க்கிறாள், இருபது வருஷம் தாமதமாக, பொய்யான தாளில். “ஏழுலதான அண்ணாச்சி?” என்று நிமிர்ந்து கேட்டாள். திரையில் எழுதினது போதாது, வாயாலும் சொல்லவேண்டுமாம். “ஏழுலதான்” என்றார் குத்தாலிங்கம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடித்தபோது அந்த மனிதருக்கு ஐம்பத்திரண்டு வயது இல்லை, எழுபது இருக்கும், இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. அவள் தாளைக் கவருக்குள் போட்டாள், கவரை இன்னொரு கவருக்குள் போட்டாள். “இந்தச் செவ்வாயை எத்தனை வருஷம் திட்டியிருப்பேன் தெரியுமா” என்றாள். “இப்பம் பாருங்க, அது அங்க இல்லாமப் போயிருந்தா எனக்கு இவரு கிடைச்சிருப்பாரா?” குடையை விரித்துக்கொண்டு சந்துக்குள் இறங்கி, தண்ணீர் தேங்கின இடமாகப் பார்த்துத் தாண்டித் தாண்டிப் போனாள். குத்தாலிங்கம் பழைய ஃபைலின் மேல் அம்பை வைத்து அழிக்கும் பொத்தானை அமுக்கினார். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம், இல்லை என்று இரண்டு கட்டம் போட்டுக் கேட்டது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒன்றை அமுக்கினார். அடுத்த ஜாதகத்தைத் திறந்தார், முதல் வரிசையைப் பார்த்தார், மூடினார். அடுத்ததைத் திறந்தார். மூடினார். மத்தியானம் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்குப் போகவில்லை.

ஆவணி பதினொன்று முகூர்த்தம். எனக்குப் பத்திரிகை வந்திருக்கிறது, குத்தாலிங்கம் அடித்ததுதான், ஒரு பிழை இல்லை. என் ஜாதகமும் அந்தக் கடையில் அடித்ததுதான். முதல் வரிசையை நான் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணவும் மாட்டேன். நீங்கள் கடையநல்லூர்ப் பக்கம் போனால், மர அறுவை மில் வாசலில் நின்று டீ குடிக்க நேர்ந்தால், மழையைப் பற்றிப் பேசுங்கள், மரத்தைப் பற்றிப் பேசுங்கள், கட்டத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள். திறந்தே ஆகவேண்டும் என்று நாக்கு அரித்தால், சொன்னது யார் என்றாவது சொல்லாமல் விடுங்கள். நான் சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பது உண்மைதான், ஆனால் இந்த ஒன்றை நம்பித் தொலைத்தாலும் தொலைப்பார்கள். இன்னும் ஒரு தடவை அந்தக் கட்டம் நகர்ந்தால் அவள் தாங்கமாட்டாள்.